குத்தின கத்தியைப் பிடுங்காதீங்க

சனிக்கிழமை நம்ம தோட்டத்துல, தேயிலைக் கவ்வாத்து வெட்டுற மலையில நடந்ததை எல்லாரும் வீடியோவுல பார்த்துட்டீங்க. ஒரு பையன் தொடையில இறங்கின கத்தியை இன்னொருத்தர் ஒரே இழுவையில உருவுறார். பின்னால படப் பாட்டு, கீழே வரிசையா கைதட்டல். வயிறு எரியுது.

குத்தின கத்தியைப் பிடுங்கக் கூடாது. அறுபட்ட ரத்தக் குழாயை அந்தக் கத்திதான் அடைச்சுக்கிட்டு இருக்கும். உருவினா அடைப்பும் போகும், வெளியே வர்றப்ப இன்னொரு தடவை அறுக்கும். வளர்ந்த ஆளுக்கே ரத்தம் சுமார் 5 லீட்டர்தான். தொடை நாடி அறுந்தா சில நிமிஷத்துல உயிர் போயிரும். படத்துல உருவிட்டு எழும்பி ஓடுறான், அதைப் பார்த்துத்தான் நம்ம பிள்ளைங்களும் உருவுறாங்க.

கத்தி அப்படியே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் துவாயைச் சுருட்டி வச்சு, அசையாம கட்டுங்க. யாராவது உருவிட்டா, சுத்தமான துணியைக் காயத்துல வச்சு, முழங்கையை மடக்காம உடம்புப் பாரத்தைப் போட்டு அமத்துங்க. பத்து நிமிஷம் துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கினா உறைஞ்சது பிஞ்சிரும். கோப்பித்தூள் அப்பாதீங்க. அமத்தியும் ரத்தம் பீறிட்டா மட்டும், பத்து நிமிஷம் பார்த்துக்கிட்டு இருக்காம, காயத்துக்கு நாலு விரல் மேல அகலத் துணியால கட்டி, குச்சி சொருகி முறுக்குங்க. கட்டின நேரத்தை எழுதுங்க, இடையில அவுக்காதீங்க. மெல்லிய கயிறு வேணாம், அது சதையை அறுக்கும்.

குளிர்ல ரத்தம் லேசுல உறையாது. மழையில கிடக்கிற ஆளைக் கம்பளியாலயோ படங்காலயோ போர்த்துங்க. சீனித் தேத்தண்ணி குடுக்காதீங்க, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கிறப்ப வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போகும்.

"உதவி செஞ்சவனைத் திட்டுறீங்களே"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அவர் மனசு நல்லது, நான் அதைக் குறை சொல்லல. கைதட்டினவங்களைத்தான் சொல்றேன். "படம் படம்தானே"ன்னு இன்னொருத்தர். அப்ப அந்த மலையில நின்ன இருபது பேருல ஒருத்தர்கூட ஏன் "உருவாதே"ன்னு கத்தல? "1990 ஆம்புலன்ஸுக்கு அடிச்சா வந்துருவாங்க"ன்னு இன்னொருத்தர். அடிக்கத்தான் வேணும், ஆனா நம்ம ரோட்டுல அவங்க ஏறி வர்ற வரைக்கும் அமத்திப் பிடிக்கப் போறது நாமதான்.

காலையில வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுக்களத்து முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்க. காலாவதியான பிளாஸ்டரும் காஞ்சு போன பஞ்சும் கிடக்கு. ஒரு அகலத் துணிகூட இல்லை. சம்பளத்துல சங்கச் சந்தா வெட்டுறப்ப மட்டும் நம்ம பேரு எல்லாருக்கும் ஞாபகம் வருது.

அந்த வீடியோவை எடுத்துடுங்க. பையன் இன்னும் வார்டுல இருக்கான், அவங்க அம்மாவும் முகநூல்ல இருக்காங்க.