காலி நாற்காலியைப் பார்த்துக் காதலிக்கச் சொன்னால்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, லண்டனின் வடபகுதியில் நாங்கள் குடியிருக்கும் வட்டாரத்து அமெச்சூர் நாடகக் குழு நடத்திய நடிகர் தேர்வுக்குப் போயிருந்தேன். நாடகம், ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்'. நாற்பத்தொன்பது வயதில் இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பேருந்தில் நானேதான் கேட்டுக்கொண்டு போனேன். அங்கே கண்டவற்றால், இப்படிப்பட்ட தேர்வை எப்படி நடத்தக் கூடாது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து ஏற்பட்டுவிட்டது.

அதில் வரும் பியாட்ரிஸ் என்ற பெண்ணும் பெனடிக் என்ற ஆணும் எதிர்ப்படும்போதெல்லாம் சொல்லாலேயே குத்திக்கொள்பவர்கள். அவள் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று அவன் காதில் விழும்படியும், அவன் அவளை நினைத்து உருகுகிறான் என்று அவள் காதில் விழும்படியும் சுற்றியிருப்பவர்கள் வேண்டுமென்றே பேச, தோட்டத்தில் மறைந்து நின்று ஒட்டுக்கேட்கும் இருவரும் அதை நம்பி, மெய்யாகவே காதலில் விழுகிறார்கள். அக்காலத்தில், தலைப்பில் உள்ள 'நத்திங்' (ஒன்றுமில்லை) என்ற சொல், கவனித்தலைக் குறிக்கும் 'நோட்டிங்' என்பதற்கு மிக நெருக்கமாக ஒலித்தது. அதை வைத்து ஆசிரியர் நாடகத்துக்குள்ளேயே சிலேடையும் செய்திருக்கிறார். ஆக, இங்கே காதல் பேசுவதால் வருவதில்லை, கேட்பதால் வருகிறது.

அப்படிப்பட்ட நாடகத்துக்கு, முதல் சுற்றில் ஆளுக்கு 2 நிமிடம் தனி வசனம். ஒட்டுக்கேட்டு முடித்ததும் பியாட்ரிஸ் தனியே நின்று பேசும் 10 வரிகளைத்தான் பெண்களில் முக்கால்வாசிப் பேர் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தோம். தேவாலயக் கூடத்தின் மூலையில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்க, ஒரு காலி நாற்காலியைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக நெகிழ்ந்தோம். யாருக்குக் குரல் வளம் உண்டு, யாருக்கு நினைவாற்றல் உண்டு என்பது மட்டும் அதில் தெரிந்தது.

இரண்டாம் சுற்றில் 4ஆம் அங்கத்தின் தேவாலயக் காட்சியை இருவர் இருவராகப் படிக்கச் சொன்னார்கள். பியாட்ரிஸின் ஒன்றுவிட்ட சகோதரி ஹீரோவை (அங்கே அது பெண்ணின் பெயர்) மணமேடையில் வைத்து மணமகன் கிளாடியோ அவமானப்படுத்திவிட்டுப் போன பிறகு, காதலைச் சொல்லிவிட்ட பெனடிக், உனக்காக நான் என்ன செய்ய வேண்டும் சொல் என்கிறான். கிளாடியோவைக் கொன்றுவிடு என்கிறாள் பியாட்ரிஸ். மூலத்தில் இரண்டே சொற்கள். கிளாடியோ பெனடிக்கின் நண்பன். அந்த இடத்தில் அவையில் சிரிப்பு எழுந்துவிட்டால் காட்சி கெட்டது என்று நாடகக்காரர்கள் அஞ்சுவதுண்டு.

முதலில் என்னோடு படித்தவர் அறுபதைக் கடந்த, ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். அதுவரை தாளை மூக்கருகே பிடித்துத் தட்டுத்தடுமாறிப் படித்தவர், நான் அந்த இரண்டு சொற்களைச் சொன்னதும் தாளைத் தாழ்த்தி, கண்ணாடியைக் கழற்றி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் உலகத்தையே கொடுத்தாலும் மாட்டேன் என்ற பதில் வந்தது. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்து இருபத்தைந்து வயது இளைஞர் வந்தார். கணீரென்ற குரல், ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் நான் வாயை மூடுவதற்குள் பதிலைத் தொடங்கிவிட்டார், சிரிப்பும் வந்தது. தேர்வாளர்களின் பேனாக்கள் அப்போதுதான் வேகமாக ஓடின.

இடையில் ஒருவர், பியாட்ரிஸுக்கு என்ன வயதிருக்கும் என்று கருதுகிறீர்கள் என்று மிகவும் பணிவாக என்னைக் கேட்டார். கேள்வியின் உள்நோக்கம் புரியாமலில்லை. நாடகத்தில் அவளுக்கு வயது சொல்லப்படவில்லை. பெனடிக் முன்பொரு காலத்தில் தன் இதயத்தைச் சிறிது நாள் கடன் கொடுத்திருந்தான் என்று அவளே சொல்வதால், இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு என்பது மட்டும் தெரிகிறது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2012இல் கதையை டெல்லிக்கு மாற்றி மேடையேற்றியபோது பியாட்ரிஸாக நடித்த மீரா சயால் ஐம்பதைத் தாண்டியிருந்தார். மறு ஆண்டு ஓல்ட் விக் அரங்கில் வனெசா ரெட்கிரேவுக்கு 76 வயது, பெனடிக்காக நடித்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுக்கு 82. அந்த மேடையேற்றத்தை விமர்சகர்கள் கொண்டாடவில்லை என்பது வேறு கதை.

நாற்பது பேர் வந்தால் நேரம் போதாது, அதனால்தான் தனி வசனம் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அது விளங்கவில்லை. இருவர் இருவராக அழைத்தால் இருபது முறையோடு வேலை முடிந்துவிடும்; ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பெனடிக் யார் என்று தெரிந்துவிடும்.

முடிவு மறுவாரம் வந்தது. பெனடிக் அந்த இளைஞர்தான். எனக்கு உர்சுலா, அதாவது பியாட்ரிஸ் ஒட்டுக்கேட்பதற்காகத் தோட்டத்தில் ஹீரோவோடு பேசும் பணிப்பெண். இரண்டு நாள் மனம் ஆறவில்லை, பிறகு ஒப்புக்கொண்டேன். அஞ்சல்காரருக்குப் பாதிரியார் வேடம். மணமேடையில் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது வாய் திறக்காமல் ஹீரோவின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்து, இவள்மேல் குற்றமில்லை என்று கடைசியில் சொல்கிற பாத்திரம் அது. தேர்வாளர்களில் எவரோ ஒருவர் அவர் கண்ணாடியைக் கழற்றியதைப் பார்த்திருக்கிறார்.