சான்று கேட்ட பிள்ளையில் என்ன பிழை?

பொம்பிளை மாப்பிள்ளையிடம் ஒரு சான்று கேட்டு, போன கிழமை நின்றுபோன அந்தக் கலியாணத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஊரே எழுதி முடித்துவிட்டது, இனி நான் வேறையா? ஆனால் நேற்று இரவு ஒரு பெரிய மனிசர், படித்தவர், நான் மரியாதை வைத்திருந்தவர், "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் தாலியை விடக் கடதாசி பெரிசாய்ப் போச்சு" என்று இணையத்தில் போட்டிருக்கிறார். கீழே கைதட்ட ஒரு பட்டாளம். அதில் பாதிப்பேர் எனக்குச் சொந்தம்.

அந்தப் பிள்ளை கேட்டது என்ன? வெளியிலிருந்து வந்த மாப்பிள்ளை அங்கே யாரையும் பதிவு செய்து கட்டவில்லை என்று அந்த நாட்டில் எடுத்த ஒரு சான்று. அவ்வளவுதான். கார் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. அதெல்லாம் கேட்டது மற்றப் பக்கம்.

"விசாவுக்காக ஒரு எழுத்து எழுதினதாம், அதெல்லாம் கலியாணமோ" என்று ஒருவர் கேட்கிறார். மாப்பிள்ளை அப்படி ஒரு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, எழுதினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அது தெரியத்தானே ஐயா சான்று கேட்கிறது. எழுதியிருந்தால் அது கலியாணம்தான். தாலி கட்டவில்லை, ஐயர் வரவில்லை, அம்மா அழவில்லை என்பதற்காக அது இல்லாமல் போகாது. அது சட்டப்படி குலையாமல் இங்கே இன்னொன்று எழுதினால் இந்த எழுத்துத்தான் செல்லாது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் அதற்கு ஏழு வருடம் வரை சிறை மறியலும் இருக்கிறது. ஆனால் மறியலுக்குப் போகிறவரை விடுங்கள். மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்கத் தாலி கட்டிக்கொண்ட பிள்ளை பிறகு யார்? மனைவியுமில்லை, குமருமில்லை. அப்போது இந்தக் கைதட்டுகிற ஆட்கள் எங்கே நிற்பீர்கள்?

இன்னொருவர் இந்து விவாகச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏழு அடி வைத்தால் கலியாணம் முடிந்தது என்கிறார். அது 1955ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், அண்ணை. கடலுக்கு அங்காலை. எங்களுக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முதலில் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதில் நீங்கள் கட்டாதவரா, துணையை இழந்தவரா, விவாகரத்து எடுத்தவரா என்று எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். பிறகு சில நாள் பொறுக்க வேண்டும். அவசரமென்றால் விசேட அனுமதிப்பத்திரம். பொறுக்கச் சொல்வது ஐயரின் நாள் பார்க்க இல்லை. ஆட்சேபம் உள்ளவன் வந்து சொல்லட்டும் என்று. நூறு வருடத்துக்கு முந்தின வெள்ளைக்காரனுக்கே வந்த சந்தேகம் எங்கள் பிள்ளைக்கு வரக்கூடாதோ?

"பெடியனின்ரை மானம் போச்சு." ஓம், போயிருக்கும். 2022 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுக் குடியுரிமைக்காரரைக் கட்டப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரு மாப்பிள்ளை வீடு ஓடியோடிக் கடதாசி சேர்த்தது. அரசாங்கம் கேட்டால் அது நடைமுறை. கட்டப்போகிறவள் கேட்டால் மானம். நாலு பரப்புக் காணி வாங்க உறுதிக்கு மேல் உறுதி புரட்டி, பழைய காணிப் பதிவேடான தோம்பு தேடி, நொத்தாரிசிடம் நாலுதரம் போகிற சனம் நாங்கள்.

சட்டத்தரணித் தம்பி ஒருவர் பண்பாக எழுதியிருந்தார்: பதிவு இல்லாவிட்டாலும் வழமைப்படி நடந்த கலியாணத்தை எங்கள் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன, பதிவு சிறந்த சான்று மட்டுமே என்று. சரிதான் தம்பி, மறுக்கவில்லை. செல்லும். ஆனால் செல்லும் என்று யார் போய் நிரூபிப்பது?

என் அக்கா நிரூபித்தாள். 1994இல் கோயிலில் தாலி கட்டு. எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அடுத்த வருடம் ஒக்டோபர் 30 வந்தது. சண்டையில் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அல்பம் போனது, வீடு போனது, எழுத்துக் கதை ஒருவர் வாயிலும் வரவில்லை. அத்தான் அரசாங்க உத்தியோகம். அவர் வருத்தம் வந்து செத்த பிறகு ஓய்வூதியத்துக்குப் போனால் பதிவுத் துண்டு எங்கே என்றார்கள். சத்தியக் கடதாசி, சமாதான நீதவான், விதானையாரின் கடிதம், கனடாவில் இருக்கிற ஒரு மாமா அனுப்பிய கடிதம். எல்லாம் கொடுத்தாள். ஒரு கந்தோரில், பெயர் வேண்டாம், வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால் ஒருவர் கேட்டார்: "அம்மா, கட்டினதோ, சும்மா சேர்ந்து இருந்ததோ?"

கழுத்தில் தாலி கிடந்த பெண்ணிடம், இரண்டு பிள்ளை பெற்றவளிடம், அதைக் கழற்றிய கொஞ்சக் காலத்தில். அவள் பதில் சொல்லவில்லை. நான்தான் கத்தினேன். வீட்டுக்கு வந்தால் "கந்தோரிலை போய் வாய் காட்டினனியோ" என்று பேச்சும் எனக்குத்தான் விழுந்தது. அந்தப் பேச்சைப் பேசிய மாமாவும் இப்போது "தாலியை விடக் கடதாசி பெரிசோ" பதிவுக்கு இதயம் போட்டிருக்கிறார். மாமா, பார்த்தேன்.

அம்மம்மா காலத்தில் எழுத்து இருந்ததோ என்று கேட்பீர்கள். அப்போது மாப்பிள்ளை அடுத்த ஒழுங்கை. அவன் எங்கே போகிறான், எவளைப் பார்க்கிறான் என்று ஊருக்கே தெரியும். இப்போது மாப்பிள்ளை ரொறொன்ரோ, பாரிஸ். உங்களுக்குத் தெரிந்தது வட்ஸ்அப் படமும் சம்பளமும்.

கடைசி நேரத்தில் கேட்டது பிழை என்கிறவர்களுக்கு: நான் அறிந்த மட்டில் முன்னமே கேட்டிருக்கிறார்கள், தாறம், தாறம் என்று இழுத்திருக்கிறார்கள். அப்படி இல்லை, கடைசி நேரம்தான் என்றே வையுங்கள். தாலி ஏறின பிறகு கேட்டிருந்தால் "இப்ப கேட்டு என்ன" என்று சொல்லியிருப்பீர்கள். எந்த நேரம்தான் உங்களுக்கு நல்ல நேரம்?

சீதனக் காணியைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டம், உள்ள பெண் கலியாணம் முடித்தால், தன் பெயரில் உள்ள காணியை விற்கவும் புருசன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 1911இல் எழுதின சட்டம், இன்றைக்கும் இருக்கிறது. மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் ஏற வேண்டும். அம்மா வழியில் வந்த வளவை விற்க ஒருவரின் ஒப்பம் தேவைப்படப் போகிறது என்றால், அந்த ஒருவர் உண்மையில் புருசன்தானா என்று பார்க்கிறது திமிரோ? உங்கள் பெட்டைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீர்களோ? கூறைக்கு நிறம் பார்க்க மூன்று கடை ஏறி இறங்கினீர்கள், அது தெரியும்.

கமென்டில் வந்து திமிர் பிடித்தவள், படிச்ச கொழுப்பு என்று எழுதுகிறவர்கள், முதலில் உங்கள் வீட்டு மருமகனின் சான்றைப் பார்த்தீர்களா என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அந்த வரி இல்லாததை அழித்துவிடுவேன். மாமாவினதையும்.