உழைச்ச கைக்கு ஒரு நல்ல போட்டோ கூடவா கிடையாது?

மாசக்கணக்கா உட்கார்ந்து ஒரு பொருளைச் செய்றீங்க. வேலைக்குப் போயிட்டு வந்து, பசங்களைத் தூங்க வெச்சிட்டு, கண்ணு எரிய எரிய செய்றீங்க. அதை நாலு பேருக்குக் காட்டும்போது மட்டும் ஏன் இப்படிக் காட்டுறீங்க? ராத்திரி நேரம், தலைக்கு மேல டியூப்லைட், கீழ பூப்போட்ட பெட்ஷீட், ஓரத்துல கொசுவத்தி, யாரோ ஒருத்தர் கால். ஃப்ளாஷ் அடிச்சு நட்ட நடுவுல ஒரு வெள்ளைத் திட்டு. ஒரே ஒரு படம். "நான் செய்தது"ன்னு ஒரு வரி. முடிஞ்சது.

எனக்கு வயிறு எரியுது. கோவம் உங்க மேல இல்ல, உங்க வேலைக்கு நீங்களே பண்ற அநியாயத்து மேல.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர்னு நம்ம வடசென்னைப் பக்கத்து ஆளுங்க செய்யாத கைவேலையே இல்ல. குரோஷா போடுற அக்கா இருக்காங்க, களிமண்ல குட்டிக் குட்டியா இட்லிக்கடை செய்ற பொண்ணு இருக்கு, அட்டையில ரயில் பெட்டி கட்டுற பெரியவர் இருக்கார். எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்லயும் ஃபேஸ்புக்லயும் படம் போடுறாங்க. பொருளை நேர்ல பார்த்தா வாய் பிளந்து நிப்போம். படத்துல பார்த்தா விரல் தானா மேல தள்ளிட்டுப் போயிடுது. ஊர்ல வேற எங்கயோ ஒருத்தர் கிட் வாங்கி, குடுத்திருக்குற துண்டுகளை ஒட்டி, ஜன்னல் ஓரமா வெச்சு ஒழுங்கா எடுத்துப் போட்டா நூத்துக்கணக்குல லைக். பலகையை அறுத்ததுலேர்ந்து எல்லாத்தையும் சொந்தமா செஞ்ச நம்ம ஆளுக்கு நாலு கட்டைவிரல்.

காசிமேட்டுல ஒரு அண்ணன். படகு கட்டுற இடத்துல தச்சு வேலை. வீட்டுல விசைப்படகு மாடல் செய்றார். மிச்சம் விழுற மரத்துண்டைச் சீவிச் சீவி, ஒவ்வொரு பலகையா பதிச்சு, அணியம், அதாவது படகோட முன்பக்கம், எப்படி மேல வளைஞ்சு எழும்பணுமோ அதே வளைவுல. வலை சுத்துற வின்ச் நிஜமாவே சுத்தும். வலையை நூல்ல முடிச்சுப் போட்டுப் பின்னியிருக்கார், ஒரு கண்ணி கூட பெரிசு சின்னது கிடையாது. தினமும் நிஜப் படகைத் தொட்டு வேலை செய்ற கை, அதனாலதான் அந்த அளவு சரியா வருது. அந்தப் படகை அவர் கட்டில் மேல வெச்சு, கிட்டப் போய், ஃப்ளாஷ் போட்டு எடுத்தார். பலகை இடுக்கு எதுவுமே தெரியல. வார்னிஷ் பளபளன்னு அடிச்சு பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆயிடுச்சு. கீழ ஒருத்தர் கேக்குறார்: "எங்க வாங்குனீங்க, என்ன விலை?"

அண்ணன் பதில் போடல. அப்புறம் படமும் போடல. கேட்டா, "விடு தம்பி, நல்ல கேமரா இருக்குறவங்களுக்குத்தான் இதெல்லாம்"னு சொல்றார்.

இந்த வார்த்தைதான் என்னைக் கொதிக்க வைக்குது. கேமராவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே! உங்க கையில இருக்குற போனே போதும். வெளிச்சம் எங்கேர்ந்து வருதுங்கறதுதான் விஷயம். போன் ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கு. அது நேரா முன்னாடி அடிக்குது, மேடு பள்ளம் எதுலயும் நிழல் விழாது. நிழல் இல்லன்னா பலகை இடுக்கு தெரியாது, நூல் முறுக்கு தெரியாது, உளி போன தடம் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டுல வரணும். அப்பதான் ஒவ்வொரு தையலுக்குப் பின்னாடியும் ஒரு மெல்லிய நிழல் விழுந்து, அது கையால செஞ்சதுன்னு பார்க்குறவனுக்குப் புரியும். மணிக்கணக்கா நீங்க போட்ட உழைப்பு மொத்தமும் அந்தச் சின்ன நிழல்லதான் இருக்கு. அதைத்தான் ஃப்ளாஷ் போட்டு அழிக்கிறீங்க.

சிலர் பர்மா பஜார் போய் ரிங் லைட் வாங்கிட்டு வந்துட்டாங்க. முகத்துக்கு அடிக்கிற விளக்கு அது. வார்னிஷ் போட்ட படகுலயும் பளபளப்பான களிமண் தட்டுலயும் அந்த வளையம் அப்படியே தெரியுது. காசு குடுத்து வாங்கின குறை.

"வீட்டுல இடம் இல்லப்பா"ன்னு சொல்வாங்க. தெரியும். நானும் இதே பக்கம்தான். ஒரே ரூம்ல சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் நடக்குற வீடுதான் நம்மள்ல பாதிப் பேருக்கு. பின்னாடி பாத்திரமும் துணிக்கொடியும் தெரியுதேன்னு கூச்சப்பட்டே ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் எடுக்குறீங்க, அதுவும் தெரியும். ஆனா உங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல், ஒரு சார்ட் பேப்பர், வாசப்படி. ஆண்டர்சன் தெருவுல கலர் கலரா அடுக்கி வெச்சிருப்பாங்க, அவ்வளவு தூரம் கூட வேண்டாம், தெருமுனை ஸ்டேஷனரி கடையிலயே கிடைக்கும். சார்ட்டை மடிக்காம, பின்பக்கம் சுவத்துல ஒட்டி, முன்பக்கம் ஸ்டூல் மேல வளைச்சு விட்டா மூலையே தெரியாது. அதுக்குப் பின்னாடி வீட்டுல என்ன இருந்தா யாருக்குத் தெரியப் போகுது? சாம்பல் கலர், மங்கின நீலம் எடுங்க. கறுப்புப் பொருளையும் வெள்ளைப் பொருளையும் ரெண்டுமே தாங்கும்.

நேரம், காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. வாசப்படிக்குக் கொஞ்சம் உள்ள, நேரடி வெயில் படாத இடம். மொட்டை மாடியில உச்சி வெயில்ல வெச்சு எடுக்காதீங்க, ஒரு பக்கம் வெளுத்து இன்னொரு பக்கம் கரிக்கட்டையா வரும். வேற வழியில்லன்னா வெயிலுக்கும் பொருளுக்கும் நடுவுல பழைய வெள்ளை வேட்டியை ரெண்டு பேர் பிடிச்சுக்கோங்க, வெளிச்சம் மெத்துனு இறங்கும். இருட்டா இருக்குற பக்கத்துல டிவி வந்த பெட்டியில இருக்குமே தெர்மாகோல், அதை நிமிர்த்தி வைங்க, வெளிச்சத்தைத் திருப்பி அந்தப் பக்கம் அடிக்கும். முக்கியமா டியூப்லைட்டை அணைங்க! பகல் வெளிச்சம் ஒரு நிறம், வீட்டு விளக்கு ஒரு நிறம். ரெண்டும் கலந்தா கேமரா எதை வெள்ளைன்னு எடுத்துக்கும்? குரோஷா அக்கா எம்.சி. ரோடெல்லாம் அலைஞ்சு பொறுக்கின அரக்கு நூல் படத்துல செங்கல் கலர்ல வருது. சில விளக்கைப் போட்டு எடுத்தா படத்துல கோடு கோடா வருதே, அது போன் கோளாறு இல்ல. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கு செகண்டுக்கு 100 தடவை மின்னி மின்னி எரியுது, கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியுது.

வெள்ளைப் பொருள் செய்றவங்களுக்குத் தனியா சொல்லணும். படம் முழுக்க வெள்ளையா இருந்தா கேமரா அதை வெளிச்சம் ஜாஸ்தின்னு நினைச்சுக் குறைச்சிடும். அதனாலதான் பால் மாதிரி இருக்குற மேஜை விரிப்பு துவைக்காத துணி மாதிரி வருது. திரையில பொருள் மேல விரலை வெச்சீங்கன்னா சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதைக் கொஞ்சம் மேல தள்ளுங்க. பெரும்பாலான போன்ல இந்த வசதி இருக்கு. இதைக் கூடத் தொட்டுப் பார்க்காம எப்படி "போன் சரியில்ல"ன்னு சொல்ல மனசு வருது?

பெரம்பூர்ப் பெரியவர் கதை இன்னும் கொடுமை. ஐ.சி.எஃப்.னு சொல்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை ஓடத் தொடங்கின 1955லேர்ந்து அந்தப் பக்கம் ரயில் பெட்டிதான் ஊர் மூச்சு. அவர் 1:87 அளவுல, அதாவது நிஜத்துல எண்பத்தேழுல ஒரு பங்கா, பெட்டி கட்டுறார். நிஜப் பெட்டி 21 மீட்டருக்கு மேல, இவர் கையில இருபத்தஞ்சு சென்டிமீட்டர் கூட வராது. ஜன்னல் கம்பி, பஃபர், கழிவறைக் கண்ணாடி எல்லாம் இருக்கு. எப்படி எடுக்குறார்? எழுந்து நின்னு, மேலிருந்து கீழ. தெரியறது கூரை மட்டும்! பிளாட்பாரத்துல நிக்கிற மனுஷன் கண்ணுலதானே ரயிலைப் பார்க்கிறோம்? அந்த அளவுல ஒரு ஆளோட உயரம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். லென்ஸும் அந்த உயரத்துக்கு இறங்கணும். போனைத் தலைகீழா பிடிச்சா லென்ஸ் மேஜையை ஒட்டி வந்துடும். அப்படி நான் எடுத்துக் காட்டினப்போ அவரே ஒரு நிமிஷம் பேசல. சின்னப் பொருள் எதுவா இருந்தாலும் அதுக்குப் பக்கத்துல நிக்கிற ஒரு குட்டி மனுஷன் கண்ணுலேர்ந்து எடுங்க.

ரொம்பக் கிட்டவும் போகாதீங்க. போன்ல இருக்குறது அகல லென்ஸ், முகத்துகிட்ட கொண்டு போனா மூக்கு பெருசாத் தெரியும்ல, அதேதான் படகோட அணியத்துக்கும் நடக்குது. கிட்டப் போகப் போக ஃபோகஸ் ஆகுற ஆழமும் குறையும், முன்பக்கம் தெளிவா பின்பக்கம் கலங்கலா. நாலடி பின்னால வாங்க, 2எக்ஸ் ஜூம் இருந்தா அதுல வைங்க, வேண்டாததை அப்புறம் வெட்டிக்கலாம். எடுக்குறதுக்கு முன்னாடி லென்ஸைத் துடைங்க. ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காத்து, கையில பசையும் எண்ணெயும். அந்தப் படலம் படிஞ்ச லென்ஸ்ல என்ன எடுத்தாலும் பனி மூட்டம்தான்.

சரி, நல்லா எடுத்துட்டீங்க. அதுக்கப்புறம் அதை என்ன பாடு படுத்துறீங்க! முகத்துக்குப் போடுற பியூட்டி ஃபில்டரை எம்பிராய்டரிக்குப் போடுறீங்க, தையல் எல்லாம் மழுங்கிப் போகுது. ஒன்பது படத்தை ஒரே சட்டத்துல அடைக்கிறீங்க, ஒண்ணு கூட உருப்படியாத் தெரியல. சுத்தி ரோஜாப்பூ ஃபிரேம். திருட்டு பயத்துல நட்ட நடுவுல உங்க பேரு. பயம் நியாயமானது, ஆனா பேரை ஓரமா போடுங்க, பொருளோட மூஞ்சியில போடாதீங்க. முழுசா ஒரு படம், பக்கவாட்டுல ஒண்ணு, நீங்க ரொம்பக் கஷ்டப்பட்ட இடம் கிட்டத்துல ஒண்ணு, பாதி வேலையில எடுத்தது ஒண்ணு. அந்தப் பாதி வேலைப் படம் மட்டும் இருந்திருந்தா "எங்க வாங்குனீங்க"ன்னு ஒருத்தன் கேட்டிருப்பானா? பக்கத்துல ஒரு தீப்பெட்டியோ ஸ்கேலோ வெச்சு ஒண்ணு, அளவு புரியட்டும். வாட்ஸ்அப் சாதாரணமா அனுப்பினா படத்தைச் சுருக்கிடும். ஹெச்.டி. வசதி 2023லயே வந்தாச்சு, இல்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க, எடுத்தது எடுத்தபடி போகும். கூடவே என்ன மரம், எத்தனாம் நம்பர் நூல், எது ஒட்டாம தொல்லை குடுத்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க. அதே வேலை செய்ற இன்னொருத்தன் பேச வருவான்.

இன்னொரு கூட்டம் இருக்கு. படத்தைத் திறந்து கூடப் பார்க்காம "சூப்பர்", "அருமை", "வாழ்த்துகள்"னு போட்டுட்டுப் போறவங்க. நீங்கதான் முதல் குத்தவாளி. இருட்டுப் படத்துக்கும் அதே சூப்பர், வெளுத்த படத்துக்கும் அதே சூப்பர். படம் சரியில்லன்னு ஒருத்தராவது காசிமேட்டு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தா அவர் இன்னைக்கு ஒதுங்கியிருக்க மாட்டார். தன் வேலையில குறைன்னு நினைச்சுட்டார் அந்த மனுஷன்!

இனிமே நான் சும்மா சூப்பர் போட மாட்டேன். ஃப்ளாஷ் அடிச்ச படம் வந்தா, "அக்கா, காலையில வாசல்ல வெச்சு மறுபடி எடுத்துப் போடுங்க, வேலைப்பாடு தெரியல"ன்னு எல்லார் முன்னாடியும் எழுதுவேன். கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கோங்க. சார்ட் பேப்பர் வாங்க யோசிக்கிறவங்க சொல்லுங்க, நான் வாங்கிட்டு வரேன்.