வெள்ளையாய் விட்ட வரிகள்

நேற்று ஓர் ஆய்வு மாணவி தன் நேர்காணல் டிரான்ஸ்கிரிப்டுகளை அனுப்பியிருந்தாள். "கோடிங் முடிச்சிட்டேன் அக்கா, தீம் மட்டும் எடுக்கணும், கொஞ்சம் பாருங்க" என்று கூடவே ஒரு வரி. திறந்தால் கண் கூசுகிறது. மஞ்சள், பச்சை, நீலம், இளஞ்சிவப்பு. வெள்ளையாய் மிச்சமிருந்தது அவள் கேட்ட கேள்விகள் மட்டும்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற யோக்கியதையும் கிடையாது. என் முதல் ஆய்வில் 14 நேர்காணல்கள், மூன்று வாரம், 212 டேக். எல்லாவற்றையும் எக்செல்லில் அடுக்கி, வண்ணம் தீட்டி, பெருமையாக என் நெறியாளர் முன்னால் வைத்தேன். அவர் மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எதை வேண்டாம்னு விட்ட?" நான் எதையுமே விட்டிருக்கவில்லை. எல்லாமே முக்கியமாகப் பட்டது.

(கோடிங் என்றதும் நிரல் எழுதுகிற வேலை என்று நினைத்து இன்பாக்ஸில் பயோடேட்டா அனுப்பிவிடாதீர்கள். ஆட்கள் பேசியதை எழுத்தாக்கி, அதில் ஒரு துண்டை எடுத்து அதற்கு ஒரு பெயர் வைப்பதைத்தான் பண்புசார் ஆய்வில் அப்படிச் சொல்கிறோம். அந்தப் பெயர்தான் டேக். பல துண்டுகளைச் சேர்த்துப் படித்து ஆய்வாளர் சொல்கிற கருத்து தீம்.)

ஹைலைட் செய்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கை ஓடிக்கொண்டே இருப்பதால் மூளையும் ஓடுகிற மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி புத்தகம் முழுக்க அடிக்கோடு போட்டுவிட்டு, படித்து முடித்ததாக நம்பிப் படுத்தோமே, அதே நினைப்புதான்.

அந்தப் பெண்ணின் ஆய்வு, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா அப்பாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியது. ஆள் அடையாளம் எதுவும் தெரியாதபடி ஒரே ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு மகள் சொல்கிறார்: "ராத்திரி அம்மா இருமினா எந்திரிச்சிடுவேன். இருமலைன்னாலும் எந்திரிச்சிடுவேன்."

இதற்குப் பச்சை வண்ணம். டேக்: தூக்கமின்மை.

தப்பா என்று கேட்டால், தப்பில்லை. ஆனால் தூக்கமின்மை என்பது மருத்துவர் சீட்டில் எழுதுகிற வார்த்தை. அந்த மகள் தூக்கம் வரவில்லை என்று புலம்பவே இல்லை. முதல் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். விஷயம் இருப்பது இரண்டாவதில். சத்தம் இல்லாததும் அவரை எழுப்புகிறது. அந்த அமைதியில் அவர் எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். தூக்கமின்மை என்று ஒட்டியதும் அந்த இரண்டாவது வாக்கியம் செத்துப்போனது. இன்னும் 11 தூக்கமின்மைகளோடு சேர்ந்து ஒரே டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த டப்பாவில் வேலைக்கு லேட்டாகப் போவதாகச் சொன்னவரும் இருக்கிறார், மாத்திரை போட்டுத் தூங்குவதாகச் சொன்னவரும் இருக்கிறார்.

பேசியவரின் வார்த்தையையே எடுத்து டேக் ஆக்குவதை 'இன் விவோ' கோடிங் என்பார்கள். நான் அவளிடம், "இருமலைன்னாலும்" என்பதையே டேக்காக வைத்துக்கொண்டு மற்ற நேர்காணல்களைத் திரும்பப் படிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் போன் வந்தது. இன்னும் இரண்டு கிடைத்திருக்கின்றன. ஒருவர், ஆபீஸில் இருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தால் பதறுவாராம், வராவிட்டால் அதைவிட அதிகம் பதறுவாராம். இன்னொருவர், அப்பா நன்றாகச் சாப்பிட்ட நாளில் "என்னடா இது" என்று பயந்தாராம். முதலாவதற்கு அவள் வைத்திருந்த டேக் 'பணிச்சுமை'. இரண்டாவதற்கு 'உணவு'. ஒரே மன அவஸ்தை மூன்று வண்ணத்தில் மூன்று மூலையில் கிடந்திருக்கிறது, தலைப்புகள் வேறு வேறாக இருந்த ஒரே காரணத்தால்.

சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1960களில் மருத்துவமனைகளில் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த நோயாளிகளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு ஒரு முறை வகுத்தார்கள். 1967இல் அது நூலாக வந்தது. புதிதாக ஒரு துண்டுக்கு டேக் போடும்போதெல்லாம், ஏற்கனவே அதே டேக்கில் கிடக்கிற துண்டுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இரண்டாவது விதி எனக்கு இன்னும் பிடிக்கும்: கோடிங்கை நிறுத்து, மனதில் ஓடுவதை ஒரு மெமோவாக எழுது. நிறுத்து என்றே சொல்கிறார்கள்! இன்றைக்கு வருகிற ஆய்வேடுகளில் டேக் பட்டியல் பக்கம் பக்கமாக இருக்கும். மெமோவைக் கேட்டால் முழிப்பார்கள். என்னைக் கேட்டால், 200 டேக்கைத் தொலைத்தாலும் பரவாயில்லை, 10 மெமோவைத் தொலைக்காதே என்பேன்.

அடுத்து எனக்குக் கோபம் வரவழைக்கிற ஒரு வாக்கியம்: "தரவிலிருந்து ஐந்து தீம்கள் வெளிப்பட்டன." எங்கேயிருந்து? மழைக்குப் புற்றீசல் கிளம்புகிற மாதிரி தானாகக் கிளம்பி வந்தனவா? தீம்களைத் தேடும் ஆறு படிகளை 2006இல் எழுதிய உளவியலாளர்கள் விர்ஜினியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் அதே கட்டுரையில் இந்தச் சொல்லாட்சியைக் கண்டித்தும் இருக்கிறார்கள். படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கண்டிப்பைக் கழற்றிவிட்டோம். தீம்களை ஆய்வாளர்தான் கட்டுகிறார். கட்டியவர் பெயர் வாக்கியத்திலேயே இல்லையென்றால் கட்டடத்துக்கு யார் பொறுப்பு?

பிறகு அந்தத் தீம்களின் பெயர்கள். 'பொருளாதாரச் சிக்கல்கள்', 'மனநலம்', 'குடும்ப ஆதரவு'. இவை தீமே இல்லை, அலமாரித் தட்டில் ஒட்டுகிற சீட்டு. நேர்காணல் எடுக்கப் போவதற்கு முன்னாலேயே எழுதியிருக்கலாம். பெரும்பாலும் கேள்வித்தாளின் தலைப்புகளேதான் முடிவுகளாகத் திரும்பி வந்திருக்கும். தீம் என்றால் அது ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும், அதைப் படிக்கிற ஒருவர் "அப்படியெல்லாம் இல்லை" என்று மறுக்க முடிய வேண்டும். 'மனநலம்' என்பதை யார் மறுக்க முடியும்?

இதைச் சொன்னதும் அவள் எழுதி அனுப்பியது: "பார்த்துக்கொள்கிறவருக்கு நல்ல அறிகுறியும் நிம்மதி தருவதில்லை." பிரமாதம். உடனே அடுத்த வேலை கொடுத்தேன். இதைப் பொய்யாக்குகிற ஒருவரைத் தேடு.

இருந்தார். ஒன்பதாவது நேர்காணல். அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன் என்கிறார் ஒருவர். அவள் அந்த வரிக்கு வண்ணமே பூசவில்லை, 'தூக்கமின்மை'யில் பொருந்தாது அல்லவா? கேள்விகளோடு கேள்வியாக, முழு டிரான்ஸ்கிரிப்டில் வெள்ளையாய் விடப்பட்டிருந்த ஒரே பதில் அதுதான். பக்கத்து வரியைப் படித்தால், அவரும் அவர் தங்கையும் ஆளுக்கொரு ராத்திரி முறை வைத்திருக்கிறார்கள். அவர் அப்பாவுக்கும் அதே நோய், அதே இருமல். அப்படியானால் அந்த மகளை எழுப்புவது நோய்தானா? அல்லது, கேட்பதற்கு இன்னொரு ஜோடிக் காது அந்த வீட்டில் இல்லை என்பதா? தீம் அங்கே புரண்டு படுத்தது. ஒரே ஓர் ஆள், அதுவும் பொருந்தாத ஆள், மற்ற எல்லோரையும் வேறு விதமாகப் படிக்க வைத்துவிட்டார். "12 பேரில் 8 பேர் தூக்கமின்மை குறித்துக் கூறினர்" என்று எண்ணி எழுதுகிறவர்களுக்கு இவர் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்.

கமெண்டில் "நம்பகத்தன்மை?" என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். இரண்டு பேர் தனித்தனியாக டேக் போட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கப்பா கணக்குப் போடுவது. ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்த சூத்திரம். பெரிய குழு, முன்பே முடிவுசெய்த டேக் பட்டியல், நூற்றுக்கணக்கான பதில்கள் என்றால் அது தேவைதான். ஆனால் அந்த இருமல் வரிக்கு இரண்டு பேரும் 'தூக்கமின்மை' என்றே போட்டிருந்தால் கப்பா எகிறும். இரண்டு பேரும் சேர்ந்து கோட்டை விட்டதற்கு நல்ல மதிப்பெண்.

மென்பொருள் எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. என்விவோ, அட்லஸ், மேக்ஸ்கியூடிஏ எல்லாமே தேடிக் கொடுக்கும், எண்ணிக் கொடுக்கும், தொலையாமல் வைத்திருக்கும். அதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுத்துக் கத்தரித்துத் தரையில் பரப்பினார்கள். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா, களத்தில் கிடைத்ததை அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, அட்டைகள் ஒன்றுசேர்ந்த பிறகே குவியலுக்குத் தலைப்பு வைத்தார். நாம் தலைப்பு எழுதிய டப்பாக்களை முதலில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருகிறோம். செயற்கை நுண்ணறிவிடம் டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்துத் தீம் கேட்கிறவர்களுக்கும் பல சமயம் கிடைப்பது அதே டப்பாக்கள்தான், லேபிள் மட்டும் கொஞ்சம் பளபளப்பாக. பிறர் தன்னை நம்பிச் சொன்ன ராத்திரிகளை அதில் ஏற்றலாமா என்பது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

அவளுடைய கோப்பு இன்று காலை திரும்பி வந்தது. வண்ணம் பாதிக்கு மேல் போயிருந்தது. ஓரங்களில் மெமோ, சிலது அரைகுறை வாக்கியத்தில். கடைசியில் எந்த டேக்குக்குள்ளும் போகாத மூன்று வரிகளைத் தனியாக வைத்து, "இதை என்ன பண்றதுன்னு தெரியலக்கா" என்று எழுதியிருந்தாள். அழிக்காதே, அப்படியே கிடக்கட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.