தோற்றவனைத் திட்டினால் வீரனாகிவிடுவானா?

மல்யுத்தத்தில் தோற்ற பையனை அவன் கோச் திட்டுகிற அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதன் கீழே கமெண்ட்டில் வரிசையாக வந்து 'இப்படித்தான் சாம்பியன் உருவாகிறான்' என்று கைதட்டுகிறீர்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

பையன் 0-10 என்று தோற்றிருக்கிறான். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தாலே ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த அவமானம் போதாதென்று, எல்லார் முன்னாலும் "உன்கூடப் பயிற்சி எடுத்தவன் தங்கம் வாங்கிட்டான், நீ?" என்று கேட்கிறார் கோச். இதற்குப் பெயர் ஊக்கமாம்.

1980களிலேயே ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியலாளர், ஒருவர் தன் திறமையை எப்படி அளக்கிறார் என்பதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். நேற்று வராத பிடி இன்று வந்தால் நிறைவடைவது ஒரு வகை. அடுத்தவனை மிஞ்சினால்தான் நான் திறமைசாலி என்று நினைப்பது இன்னொரு வகை. ஜோன் டூடா போன்ற ஆய்வாளர்கள் அதை விளையாட்டில் ஆராய்ந்தார்கள். இரண்டாவதை மட்டுமே ஊட்டி வளர்த்த பிள்ளை, தன்மேல் சந்தேகம் வந்த நாளில் லேசான எதிராளியைத் தேடும். காயம் என்று சாக்குச் சொல்லும். அப்புறம் மேட் பக்கமே வராது.

"அப்போ ஜெயிக்கிற ஆசையே வேண்டாமா?" வந்துவிட்டீர்களா! இரண்டும் ஒரே ஆளிடம் நிறைய இருக்கலாம் என்றுதான் அந்த ஆய்வுகளே சொல்கின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை சாக்‌ஷி மாலிக் காலிறுதியில் தோற்றார். ரெபசாஜ் என்ற மறுவாய்ப்புச் சுற்று வழியாகத் திரும்பி வந்து, வெண்கலப் போட்டியில் 0-5 என்று பின்தங்கி, 8-5 என்று வென்றார். ஆசை இல்லாமலா? ஆனால் ஸ்கோர் மட்டுமே கண்ணில் இருந்தால் 0-5லேயே கை தளர்ந்திருக்கும்.

என் மகளும் மல்யுத்தம் செய்தவள்தான். எதிராளியின் ஒரு காலைப் பிடித்து வீழ்த்துகிற சிங்கிள் லெக் பிடி அவளுக்குப் படியவே படியாது. மாதக்கணக்கில் அதையே பழகி, ஒரு போட்டியில் முதல்முறையாக அதில் எதிராளியைக் கீழே இறக்கினாள். போட்டி தோல்விதான். ஆனாலும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். "தோத்துட்டு என்ன சிரிப்பு?" என்றார் அவளுடைய பயிற்சியாளர். அதற்குப் பிறகு அவள் அங்கே சிரித்து நான் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் போவதையும் நிறுத்திவிட்டாள்.

"நாங்களும் திட்டு வாங்கித்தான் வளர்ந்தோம்." சரி, வளர்ந்தீர்கள். அதனால்தான் ஒரு பிள்ளை அழுவதைப் பார்த்து ஹார்ட் போடுகிறீர்கள்.

அந்த வீடியோ கோச் எத்தனை பதக்கம் வாங்கிக் கொடுத்தார் தெரியுமா என்று பட்டியலோடு வருகிறவர்கள், அவரிடம் சேர்ந்து பாதியில் விட்டுப்போன பிள்ளைகளின் பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.