மரியோ கார்ட்டில் எங்கள் ஆத்தா

ஜப்பானின் ஒசாகா போய்விட்டு வருகிறவர்கள் அங்கே தீம் பார்க்கில் இருக்கும் மரியோ கார்ட் ரைடைப் பற்றிச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. "வேகமே இல்லப்பா." "ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புனாலும் வண்டி அதுபாட்டுக்குப் போகுது." "இதுக்கா அவ்வளவு நேரம் வரிசையில நின்னோம்?" சமீபத்தில் காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த நேரத்திலும் இதே பேச்சுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ கேமை வைத்துக் கட்டிய ஒரு ரைடை வேகத்தை வைத்து அளக்கக் கூடாது என்பது என் கட்சி. கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தர் அதில் ஏறி உட்கார்ந்து, இறங்கும்போது "நானும் விளையாடினேன்" என்று சொல்ல முடிகிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த ரைடு பாதி தேறுகிறது. அந்தப் பாதியை யாரும் பேசுவதில்லை. தேறாத மீதிக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஒசாகாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பானுக்குள் சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டு என்று தனிப் பகுதி 2021 மார்ச் 18 அன்று திறந்தார்கள். இந்த ரைடு அதற்குள்தான் இருக்கிறது. 2020 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் திறக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. அப்புறம் அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் ஹாலிவுட், 2025 மே மாதம் ஒர்லாண்டோ. சிங்கப்பூர் செந்தோசாவிலும் வேலை நடக்கிறது. நான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜப்பான் நம்மில் சிலருக்குத்தான் வாய்க்கும். சிங்கப்பூர் அப்படியில்லை. தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். திருச்சியில் விமானம் ஏறினால் முடிந்தது. அங்கே திறந்துவிட்டால் நம் ஊர்க் குடும்பங்கள் வண்டி வண்டியாகப் போகும்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு வீடியோ கேம் நாயகன் மரியோவைத் தெரியும், அவனை உருவாக்கிய நிண்டெண்டோ கம்பெனியைத் தெரியாது. முழுப்பரீட்சை லீவில் டிவி கேமை வாடகைக்கு எடுத்துவந்து மாட்டுவோம். கேசட் ஓடாவிட்டால் எடுத்து ஊதித் திரும்பப் போடுவோம். நிண்டெண்டோ பெட்டியைப் பார்த்துச் செய்த வேறு ஏதோ கம்பெனிப் பெட்டி அது. அதற்குள் ஓடியது 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆத்தா அந்த வழியாகப் போகும்போதும் வரும்போதும் பார்த்ததோடு சரி. ஒருநாளும் கையில் வாங்கியதில்லை. (வெளியூர் நண்பர்களுக்கு: எங்களில் அம்மாவை ஆத்தா என்போம், அம்மாவைப் பெற்றவரை ஆயா என்போம், அக்காவை ஆச்சி என்போம்.)

ஆச்சி குடும்பம் ஒசாகா பக்கம் இருப்பதால் எங்களுக்கு அந்த வாய்ப்பு அமைந்தது. வாசலிலேயே ஆத்தா வழக்கம்போல ஆரம்பித்தார்கள்: "எனக்கு எதுக்குப்பா. நான் பையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க." நம் வீடுகளில் எந்தச் சுற்றுலாவிலும் இந்த வசனம் உண்டு. பெரியவர்கள் பெஞ்சில், பைகள் மடியில், மற்றவர்கள் உள்ளே. இந்தத் தடவை ஆச்சியின் பெரிய மகன் விடவில்லை. "ஆயா, இது நாலு பேர் வண்டி. நீங்க வரலைன்னா தெரியாத ஆள் வந்து உட்காருவாங்க" என்றான். ஆச்சிக்கு ரைடு என்றாலே தலைசுற்றும், அதனால் பை ஆச்சியிடம் போனது. அம்மான் நான், பிள்ளைகள் இரண்டு பேர், ஆத்தா என்று நால்வரும் உள்ளே போனோம்.

வரிசை மரியோவின் எதிரி பௌசரின் கோட்டைக்குள் வளைந்து வளைந்து போகிறது. படிக்கட்டில் பெரிய பௌசர் சிலை. அப்புறம் அவனுடைய புத்தக அறை, குண்டு செய்யும் பட்டறை, கோப்பைகள். சின்னச் சின்ன வேலைப்பாட்டுக்குக் கூட ஆள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நின்று பார்க்க அலுக்காது. கடைசியில் ஆளுக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் தலைவளையம் தருகிறார்கள், மரியோ தொப்பியின் முன்பக்கம் போல இருக்கும். பின்னால் இருக்கும் திருகைத் திருகினால் தலை அளவுக்கு இறுகும். ஆத்தாவின் கொண்டை சரியாக அந்த இடத்தில் இருந்தது. இரண்டு தடவை நழுவியது. அப்புறம் கொண்டையை அவிழ்த்துக் கழுத்தோரம் தாழ்த்தி முடிந்துகொண்டார்கள், நின்றது. வண்டியில் உட்கார்ந்ததும் ஒயரில் தொங்கும் கண்ணாடியை வளையத்தின் முன்னால் கொண்டுபோனால் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆத்தாவின் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே அது உட்கார்ந்தது. கண்ணாடி போடும் பெரியவர்கள் பயப்பட வேண்டாம்.

வண்டியில் நான்கு இருக்கை, நான்கு ஸ்டீயரிங். நான்கு பேரும் மரியோவின் கட்சி, எதிரில் பௌசர் கட்சி. காசு சேர்க்க வேண்டும். வளைவில் கண்ணாடிக்குள் அம்புக்குறி தெரியும், அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் காசு. ஸ்டீயரிங்கில் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் ஆமை ஓடு பறக்கும், எதிரி மேல் பட்டால் அதற்கும் காசு. குறி பார்ப்பது கையால் இல்லை, தலையால். எந்தப் பக்கம் பார்க்கிறோமோ அந்தப் பக்கம் ஓடு போகும். தண்ணீருக்குள் போவது போல ஒரு பகுதி, பேய் வீடு, மேகத்துக்கு நடுவே ஒரு பகுதி, கடைசியில் வானவில் ரோடு. சுற்றி இருப்பது நிஜமாகக் கட்டிய அரங்கம். அதற்கு மேல் கண்ணாடிக்குள் பாத்திரங்கள் ஓடுகின்றன. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வண்டி தண்டவாளத்தில் போவதுதான். நாம் திருப்பினாலும் போகும், திருப்பாவிட்டாலும் போகும். நிஜம். ஆனால் அது வேகமாகவும் போனால் அறுபது தாண்டிய ஒருவர் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று உட்கார்ந்திருப்பார். மெதுவாகப் போவதால்தான் கை ஓய்வாக இருக்கிறது, தலையைத் திருப்ப முடிகிறது. உயரம் 122 செ.மீ. இருந்தால் தனியாக ஏறலாம், கூட ஆள் இருந்தால் 107 செ.மீ. போதும் என்று விட்டிருப்பதும் அதனால்தான் சாத்தியம் என்று நினைக்கிறேன். வேகம் வேண்டுமென்றால் அதே பூங்காவிலேயே ரோலர் கோஸ்டர் இருக்கிறது. பேரனும் ஆயாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே எதிரியோடு மோதுகிற இடம் அங்கே எத்தனை இருக்கிறது?

வெளியே வந்ததும் ஆத்தா சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: "ஓடு எடுத்துப் போடுறது எனக்குப் பிடிபடலை. திருப்புறது பிடிபட்டுச்சு. அந்த மீனுங்க கிட்ட வந்தப்ப திருப்பிட்டேன்ல?" பெரியவன் "ஆயா, மீனை அடிக்கணும், திருப்பக் கூடாது" என்றான். "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. குறை அங்கேதான் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் ஒரு திரையில் எப்படி விளையாடுவது என்று காட்டுகிறார்கள். கேம் விளையாடிப் பழகிய பிள்ளைகளுக்கு அதுவே தேவையில்லை. பழகாதவர்களுக்கு அது போதவே போதாது. அம்புக்குறி, காசு, ஓடு, கீழே எண்ணிக்கை, குறுக்கே பறக்கும் எதிரி என்று ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்து விழுகிறது. எதைப் பார்ப்பது என்று தெளிவதற்குள் வானவில் ரோடு வந்துவிடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது பின்னால் இருக்கும் அருமையான அரங்கமும் கொஞ்சம் மங்கிப்போகிறது. முதல் தடவை ஏறுகிறவர் குழம்பியே இறங்குகிறார். இரண்டாம் தடவை ஏறினால் பிரமாதமாக இருக்கும், ஆனால் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு நம்மில் யார் இரண்டாம் தடவை நிற்கிறோம்? குழப்பத்தோடு இறங்கியவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. அதனால் "வேகம் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்.

எங்கள் வீட்டுப் பட்டாலையில் தாயம் ஆடும்போது ஒரு வழக்கம் உண்டு. புதிதாக உட்கார்கிறவருக்கு முதல் ஆட்டம் கணக்கில் சேராது. காய் வெட்டுப்பட்டால் "சும்மா வச்சுக்க, இது பழகுறதுக்கு" என்று திரும்ப வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஆயா உட்கார்ந்து "இப்ப அந்தக் காயை நகர்த்தாதே, இதை நகர்த்து" என்று காதில் சொல்வார்கள். ஒரு ஆட்டம் முடிவதற்குள் ஏழு வயதுப் பிள்ளை எழுபது வயதுக்காரரை வெட்ட ஆரம்பித்துவிடும். அந்த ஒரு பழகும் ஆட்டம் மரியோ கார்ட்டில் இல்லை. அதை வைப்பதற்கான இடமும் நேரமும் அவர்களிடம் ஏராளமாக இருக்கின்றன என்பதுதான் என் வருத்தம். அவ்வளவு நீள வரிசை! அந்தப் புத்தக அறையில், அந்தப் பட்டறையில், சுவரோரம் நாலு பழகும் ஸ்டீயரிங் வைத்திருந்தால் போதும். நிற்கிற நேரத்தில் ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்து, பட்டனை அழுத்திப் பார்த்துப் போயிருப்போம். பேரன்கள் ஆயாக்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், காத்திருப்பதும் தெரிந்திருக்காது.

நிண்டெண்டோ 1889-ல் கியோட்டோவில் ஹனஃபுடா என்கிற பூப்படச் சீட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி. சீட்டு என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம், கல்யாண வீட்டில் ஜமுக்காளத்தை விரித்தால் தாத்தாவும் பேரனும் ஒரே வட்டத்தில்தான் உட்கார்வார்கள். அப்படி வயது பார்க்காத ஆட்டத்தில் தொடங்கியவர்கள் என்பதால்தான் இவர்களிடம் உரிமையோடு எதிர்பார்க்கிறேன்.

அவர்களுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே மரியோவின் தோழன் யோஷி பெயரில் ஒரு ரைடு இருக்கிறது. வண்டி மேலே மெதுவாகச் சுற்றிவருகிறது, முழு இடமும் கீழே தெரிகிறது. போகிற வழியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முட்டைகள். முட்டையைக் கண்டால் அந்த நிற பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆத்தாவுக்கு யாரும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. சின்னவள் பார்ப்பதற்கு முன்னால் "பச்சை, பச்சை!" என்று ஆத்தாதான் கத்தினார்கள். "இது குழந்தைகள் ரைடு" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து பெரியவர்களையாவது அதில் ஏற்றுங்கள்.

இன்னொன்று அந்தப் பகுதியில் விற்கும் பவர்-அப் பேண்ட் என்கிற கைப்பட்டை. கையில் கட்டிக்கொண்டு சுவரில் இருக்கும் கேள்விக்குறிப் பெட்டியை அடித்தால் போன் ஆப்பில் காசு ஏறும். சின்னச் சின்ன ஆட்டங்களில் ஜெயித்து மூன்று சாவி சேர்த்தால் பௌசரின் மகனோடு மோதலாம். உடம்பு அசைந்து விளையாடும் ஆட்டம், அருமையான யோசனை. ஆனால் நுழைவுச்சீட்டுக்கு மேல் அதைத் தனியாக வாங்க வேண்டும். திறந்தபோதே 3,200 யென், அப்புறம் ஏறியிருக்கிறது. ஒரு பேண்ட் ஒருவர் கணக்கில்தான் சேரும். நம் வீடுகளில் என்ன நடக்கும்? பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குவோம். பெரியவர்கள் மறுபடி வேடிக்கை பார்ப்பார்கள். வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு விற்கட்டும், தவறில்லை. அன்றைக்கு மட்டும் கட்டிவிட்டுத் திருப்பித் தருவதுபோல ஒன்றும் இருக்க வேண்டும். மரியோ கார்ட்டில் ஏறுவதற்கு பேண்ட் தேவையில்லை, அதில் குழம்ப வேண்டாம்.

இதைவிட மோசமானதை நம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒரு நகரத்து மாலில் விஆர் கேம் என்று பணம் வாங்கிக்கொண்டு, தலையில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, ஆள் போனைப் பார்க்கப் போய்விட்டார். ஆத்தா எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டே நின்றார்கள். நேரம் முடிந்ததும் கழற்றி அடுத்த ஆளுக்கு மாட்டிவிட்டார். அன்றிலிருந்துதான் "எனக்கு எதுக்குப்பா" என்பது கூடியது. கருவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் பெரியவர்கள் தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்குக் கோபமே அதில்தான்.

போகப்போகிறவர்களுக்கு: வீட்டிலேயே பெரியவர்களை உட்காரவைத்து, அம்பு தெரிந்தால் திருப்ப வேண்டும், எதிரி தெரிந்தால் அவனைப் பார்த்துக்கொண்டே அழுத்த வேண்டும் என்று இரண்டை மட்டும் சொல்லிக்கொடுங்கள். காசுக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒற்றை ஆள் வரிசை சீக்கிரம் நகரும் என்று ஆசைப்பட்டுக் குடும்பத்தைப் பிரித்துவிடாதீர்கள், ஆளுக்கு ஒரு வண்டியில் போய்விடுவீர்கள். கூட்ட நாளில் அந்தப் பகுதிக்குள் போகவே நேரம் குறித்த அனுமதி வேண்டும், பூங்காவின் ஆப்பில் எடுக்கலாம். காலையில் உள்ளே போனதும் முதல் வேலையாக அதை முடியுங்கள். கொண்டை போடுகிறவர்கள் அன்றைக்குப் பின்னிவிடுங்கள்.

கழுத்துவலி, முழங்கால்வலி இருக்கும் பெரியவர்களோடு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். வரிசையில் படி ஏற முடியாதவர்களுக்கு என்ன வழி செய்து தருகிறார்கள் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், நேரில் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.