விளம்பரந்தானே தம்பி

பைண்டிங் செய்யக் கொடுத்த பதினொரு பழைய 'பேசும் படம்' சினிமா இதழ்கள் போன மாசம் கைக்கு வந்தன. சிவப்புத் துணி அட்டை, முதுகில் பொன்னிற எழுத்து, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தூக்கும்போதுதான் கனம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு இதழிலும் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த வழவழப்பான தாள்களைக் காணவில்லை. ஸ்ரூடியோக்காரர்கள் கொடுத்த முழுப்பக்க விளம்பரங்கள் அத்தனையும் போய்விட்டன. கடைக்கார ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "விளம்பரந்தானே தம்பி. கதையும் படமும் எல்லாம் இருக்குது, பாருங்கோ."

அவரோடு சண்டை பிடிக்க வாய் வரவில்லை. வெளிநாட்டில் பெரிய பெரிய நூலகங்களே இதழ்களைச் சேர்த்துக் கட்டும்போது அட்டையையும் விளம்பரத்தையும் கழற்றி எறிந்திருக்கின்றன. இவர் பாவம், கிளிநொச்சியில் பள்ளிக்கூடப் பதிவேடு கட்டுகிற மனுசன்.

ஆனால் நான் காசு கொடுத்து வாங்கியதே அந்த விளம்பரங்களுக்காகத்தான். நடிகைக்கு மல்லிகை பிடிக்குமா முல்லை பிடிக்குமா என்ற பேட்டி எனக்கு எதற்கு? எந்தப் படத்தை யார் எடுத்தார், யார் விநியோகித்தார், எந்த மாசம் வரும் என்று சொன்னார்கள், சொன்ன மாதிரி வந்ததா, இதெல்லாம் கிடைப்பது விளம்பரத்தில்தான். அதில் பொய்யும் இருக்கும். இருக்கட்டும், அந்த மாசத்துப் பொய்தானே, அதுவும் எனக்கு வேண்டும்.

இந்தப் பைத்தியம் முற்றியது அமெரிக்க வர்த்தக இதழ்களைப் பார்த்த பிறகுதான். அவை ரசிகனுக்கு அச்சடித்தவை அல்ல, தியேட்டர் முதலாளிக்கு அச்சடித்தவை. 1905இல் தொடங்கிய 'வெரைட்டி', 1907 முதல் 1927 வரை வந்த 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்', பிறகு 'மோஷன் பிக்சர் ஹெரால்ட்', இப்படிக் கனக்க. அவற்றில் வரும் விளம்பரம் "வந்து பாருங்கள்" என்று சொல்லாது, "வாங்கிப் போடுங்கள், கதிரை நிரம்பும்" என்று சொல்லும். அந்தக் காலத்தில் ஸ்ரூடியோக்கள் வருசத்துப் படங்களைக் கட்டுக் கட்டாக, அனேகமாக எடுக்கத் தொடங்கும் முன்பே தியேட்டர்களின் தலையில் கட்டின. 1948இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிடும் வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது. எடுக்காத படத்தை விற்பதென்றால் சும்மா விற்க முடியாதே, அதனால் நல்ல ஓவியர்களை வைத்துக் கலர் கலராக வரைந்து தள்ளினார்கள். யூனிவர்சல் 1931இல் 'பிராங்கன்ஸ்டைன்' படத்துக்கு முதலில் போட்ட விளம்பரத்தில் பெலா லுகோசியின் பெயர். படத்தில் வந்தவரோ போரிஸ் கார்லோஃப். எடுத்து முடித்த படத்தை எத்தனை தரம் பார்த்தாலும் இந்தக் கதை தெரியவராது, அந்தத் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

அதே 'ஹெரால்ட்'டில் ஒரு பகுதி இருந்தது, இந்தப் படம் எனக்கு என்ன செய்தது என்ற மாதிரித் தலைப்பு. சின்னச் சின்ன ஊர்களில் தியேட்டர் நடத்தியவர்கள் தாங்களே எழுதி அனுப்புவார்கள். மழை, சேறு, சனம் இல்லை, படம் நீளம், அடுத்த முறை இப்படி ஒன்றை அனுப்பாதே. கீழே தியேட்டரின் பெயர், ஊர், வருகிற சனம் பட்டணமா நாட்டுப்புறமா என்று ஒரு வரி. இரவு கரண்ட் போன நேரம் போனில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பெரியப்பா பேசுகிற மாதிரியே இருந்தது.

பெரியப்பா வவுனியாவில் ஒரு தியேட்டர் வாசலில் ரிக்கற் கிழித்தவர். அவருக்கு இயக்குநர் பெயர் ஒன்றும் தெரியாது. "காலபோகம் வெட்டி நெல்லு வித்த காசு கையில இருக்கிற மாசி பங்குனியில எது வந்தாலும் ஓடும், மார்கழி மழைக்குள்ள எம்ஜிஆரே வந்தாலும் கதிரை காலிதான்" என்பார். நோட்டீஸ் சேர்ப்பதுதான் அவருடைய ஒரே பழக்கம். மேலே படத்தின் பெயரும் ஆட்களின் முகமும் ஒரே அச்சில் வந்திருக்கும், கீழே நாலு விரல் அகலத்துக்கு வெறும் இடம் விட்டிருக்கும். உள்ளூர் அச்சகத்தில் தியேட்டர் பெயரையும் காட்சி நேரத்தையும் அந்த இடத்தில் வேறு எழுத்தில், சில நேரம் கொஞ்சம் சரிந்து, அடித்து ஒட்டுவார்கள். அந்தச் சரிந்த வரி இருக்கிறதே, எனக்கு அதுதான் பெறுமதி. மேலே உள்ள முகம் எல்லா ஊர் நோட்டீசிலும் ஒன்றுதான்.

1997இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியதும் ஓமந்தைப் பக்கம் இருந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். அரிசி, தறப்பாள், பிள்ளைகளின் கொப்பிகள். நோட்டீஸ் கிடந்த றங்குப்பெட்டி அங்கேயே நின்றது. திரும்பிப் போனபோது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் வேண்டாம்.

இப்போது சேர்க்கிறவர்களோடு எனக்கு இரண்டு மூன்று கோபம் உண்டு. ஒன்று, வெட்டுவது. சிவாஜியின் முகத்தை மட்டும் வெட்டி அல்பத்தில் ஒட்டிவிட்டு, விநியோகஸ்தர் பெயர் இருந்த கீழ்ப்பகுதியை எறிந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துக்கு அந்தக் கீழ்ப்பகுதிதான் சரித்திரம். 1928இல் சிற்றம்பலம் காடினர் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ், குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட், பிறகு 1972இல் வந்த திரைப்படக் கூட்டுத்தாபனம், யார் கையில் படம் இருந்தது என்று காட்டுவது அந்த வரிதானே. 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால், இங்கே ஒருவர் வீட்டில் தொடர்ச்சியாக இருக்கும் இதழ்கள்கூட அந்த இடத்தில் டக்கென்று அறுந்து நிற்கும். அதே காலத்தில் நாங்களும் படம் எடுத்தோம். 1972இல் 'குத்துவிளக்கு', 1978இல் 'வாடைக்காற்று'. ஏவிஎம் விளம்பரத்தைச் சென்னையில் எவரிடமும் கேட்டு வாங்கலாம். இவற்றின் நோட்டீஸ் ஒன்றைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

அடுத்தது லமினேற் பண்ணுகிறது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு கழற்றவே ஏலாது. மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது, அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது, பிளாஸ்ரிக்குக்குள் கிடந்தாலும் அது பழுத்துக்கொண்டுதான் இருக்கும். செலோரேப் அதைவிட மோசம். ஊசிக்கம்பி துருப்பிடிக்கும், மெல்லக் கழற்றிவிடுங்கள். கறையானுக்குப் பயந்து உரப்பையில் கட்டி வளையில் தொங்கவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும், கறையான் வரவில்லை, எலி வந்தது.

ஸ்கான் பண்ணிப் போட்டு, குறுக்கே தன் பெயரைப் பெரிதாக அடிக்கிறவர்களுக்கு என்ன சொல்ல. ஹெரால்டும் வேர்ல்டும் நான் எங்கே பார்த்தேன்? மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி என்ற இணையத்தளத்தில், ஐந்து சதம் கொடுக்காமல். எங்களுக்கும் 2005 முதல் 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது. ஒளித்து வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறவரின் பெட்டியும் ஒரு நாள் எங்கேயாவது நிற்கத்தான் போகிறது.

சரி, பைண்டிங் ஐயாவிடம் மறுகிழமை திரும்பப் போனேன். கழிவுத்தாள் மூட்டையைக் கொட்டித் தேடினோம், அவரும் குந்தியிருந்து தேடினார். முழுதாக மூன்று தாள் கிடைத்தது. நாலாவது ஒரு பதிவேட்டின் முதுகுக்குள் பசை போட்டு ஒட்டியிருந்தது, "விரைவில் வரு" மட்டும் தெரிந்தது. மிச்சம் பக்கத்துக் கச்சான்காரரிடம் போய்ச் சரையாகிவிட்டதாம்.

மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், எந்த ஊர்த் தியேட்டர் பெயர் அடித்த நோட்டீஸ் என்றாலும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து போட்டோ எடுத்துக்கொண்டு உங்களிடமே தந்துவிடுவேன். நான் வரும்வரைக்கும் அதில் செலோரேப் மட்டும் ஒட்டிப்போடாதீர்கள்.